அம்மாவின் வாட்ஸ்அப்பில் ஓயாமல் வரும் வேலை விளம்பரங்கள்

வணக்கம் ஐயா. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தனியாக இருக்கும் தங்கள் அம்மாவுக்குப் பகுதிநேர வேலை தருவதாக நாள்தோறும் வாட்ஸ்அப் செய்திகள் வருவதாகவும், ஒவ்வோர் எண்ணாகத் தடுத்தும் ஓயவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பவர்களிடம் அது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். "வேண்டாம்" என்று மரியாதையாக எழுதினாலும் (என் அத்தை அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்) எண் புழக்கத்தில் இருப்பது அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்பதால், பதிலே தராமல் புகார் செய்துவிட்டுத் தடுக்கச் சொல்லுங்கள். அடுத்ததாக, செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, குரூப்ஸ் என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் அவரைக் குழுக்களில் நேரடியாகச் சேர்க்க முடியாது. இந்த மோசடிக்காரர்களுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் மட்டும் தாமதிக்காமல் மலேசியாவின் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள்.