பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸில் எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம்?

படங்களையெல்லாம் பார்த்துவிட்டு இப்போதுதான் காமிக்ஸ் பக்கம் வருகிறேன் என்கிறீர்கள். இதற்குள் யாராவது உங்களிடம் ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ படிக்கச் சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள். 1985-86இல் 12 இதழ்களாக வந்த கதை அது. எனக்கும் அதைத்தான் முதலில் கையில் கொடுத்தார்கள். பக்கம் முழுக்க முன்பின் தெரியாத நாயகர்கள்; யார் செத்தாலும் மனம் அசையவில்லை. மூன்றாம் இதழோடு மூடிவைத்தவன் இரண்டு வருடம் காமிக்ஸையே தொடவில்லை. அதை மோசமான கதை என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அந்த நாயகர்களோடு பழகியவர்களுக்கு அது விருந்து.

‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 31, 32, 33 இதழ்களில் தொடங்குங்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த இரவு, மருத்துவமனை வராந்தாவில் அண்ணன் மகனுடைய பையிலிருந்து எடுத்துப் படித்தேன். கதையில், பீட்டரின் மே அத்தையைக் காப்பாற்றும் மருந்துக்குப்பி தரையில் கிடக்கிறது. ஸ்பைடர்மேனான பீட்டர் ஒரு ராட்சத இயந்திரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கிறான், கை எட்டவில்லை. மேலே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. 1966 பிப்ரவரியில் வந்த 33ஆம் இதழில், அவன் அதைத் தூக்கி எழுவதை மட்டுமே ஸ்டீவ் டிட்கோ பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார். அவன் முதுகு நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகி, கடைசியில் முழுப் பக்கமும் ஒரே படமாகிறது. அதனால்தான் கைபேசியில் கட்டம் கட்டமாகப் படிக்காதீர்கள் என்கிறேன். அன்று நான் அழுதேன். “இந்த வயதில் பொம்மைப் புத்தகமா?” என்று பக்கத்தில் இருந்த உறவினர் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. அந்த இரவில் என்னைத் தாங்கிப் பிடித்தது அந்தப் புத்தகம்தான்.

அடுத்து அதே தொடரின் 121, 122 இதழ்கள், 1973. கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். முதலில் வெளியானபோது, முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று 121ஆம் இதழின் தலைப்பையே கடைசிப் பக்கத்தில்தான் அச்சிட்டார்கள். இன்றைய தொகுப்புகள் சிலவற்றில் அந்த முடிவையே அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். முன்னுரை எழுதுகிறவர்களும் மிச்சத்தை உடைத்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற புது வாசகனுக்கு ஏன் இந்த அநியாயம்? முன்னுரையைக் கடைசியில் படியுங்கள்.

பேட்மேன் வேண்டுமென்றால் 1987இல் வந்த ‘இயர் ஒன்’. ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுக்கெல்லி வரைந்தது, நான்கே இதழ்கள். அதில் பேட்மேனைவிட, ஊழல் மலிந்த காவல்துறையில் தனியாக நிற்கும் கார்டனைத்தான் எனக்குப் பிடிக்கும். டேர்டெவில் என்ற இன்னொரு நாயகனை வைத்து அதே இருவரும் செய்த கதை ‘பார்ன் அகெய்ன்’ அதற்கும் முந்தைய ஆண்டு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

எப்படியும் ஸ்பைடர்மேன் 31ஐ விட்டுவிட்டு நேராக 33க்குத் தாவாதீர்கள். அத்தை மருத்துவமனையில் சேர்க்கப்படுவது 31இல்தான்.