தேன் தண்ணி குடிச்சா கல்லீரலுக்கு நல்லதா?

கேள்வி: அக்கா, போன மாசம் ஸ்கேன்ல வீட்டுக்காரருக்கு ஃபேட்டி லிவர்னு சொல்லிட்டாங்க. பழச்சர்க்கரை கல்லீரல் செல்லை ஆக்சிடேட்டிவ் பாதிப்புல இருந்து (ஆக்சிஜன்ல இருந்து உருவாகுற பொருளுங்க செல்லைக் கெடுக்குறது) காப்பாத்துதுன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு, அதைப் பாத்துட்டு தினமும் காலைல ரெண்டு மேசைக்கரண்டி தேன் கலந்து குடிக்கிறார், சாயங்காலம் காப்பிக்கடைல மாம்பழ ஜூஸ் வேற. விடலாமா? – ஒரு வாசகி, ஈசூன்

பதில்: தேனையும் ஜூஸையும் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்கம்மா. மெசேஜ் முழுப் பொய் இல்ல, அதனாலதான் அவர் நம்பிட்டார்.

எலியோட கல்லீரல் செல்லைப் பிரிச்சு தட்டுல வச்சு, ஆக்சிஜன் இல்லாம பண்ணியோ விஷம் குடுத்தோ பாத்திருக்காங்க, ஃப்ரக்டோஸ், அதாவது அந்தப் பழச்சர்க்கரை, சேத்தா செல் கூடுதல் நேரம் தாங்குது. ஏன்னா ஃப்ரக்டோஸ் வேகமா உள்ள நுழைஞ்சு, குளுக்கோஸ் நின்னு காத்திருக்க வேண்டிய முக்கியமான கட்டத்தைத் தாண்டிப் போய், ஆக்சிஜனே இல்லாம கொஞ்சம் ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், செஞ்சு குடுத்துடும். மூச்சுத் திணறுற செல்லுக்கு அது பெரிய உதவி. ஆனா அதெல்லாம் சில மணி நேரக் கதை. உங்க வீட்டுக்காரர் கல்லீரலுக்கு ஆக்சிஜன் தாராளமா போகுது, அங்க மிஞ்சுற ஃப்ரக்டோஸ் கொழுப்பாத்தான் மாறும், ஒரே நேரத்துல நிறைய போனா இருக்குற ஏடிபியும் குறைஞ்சு யூரிக் ஆசிட் ஏறும். ரெண்டு மேசைக்கரண்டி தேன்ல 30 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கு, அதுல ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸ்.

ஆக்சிடேட்டிவ் பாதிப்பைத் தடுக்குறதுல குளுக்கோஸுக்கும் பங்கு இருக்கு. செல்லுக்குள்ள வர்ற பெராக்சைடுங்குற கெடுதல் பொருளை குளுட்டாதயோன்ங்குற காவல் பொருள் அடக்கும், அடக்கி அடக்கி அது தீந்துபோகும், அதை மறுபடி ரெடி பண்ற என்ஏடிபிஹெச்ங்குற பொருள் குளுக்கோஸ்ல இருந்து வருது, அதுக்கு ஜி6பிடி என்சைம் வேணும். இங்க சிங்கப்பூர்ல 1965ல இருந்து பிறந்த குழந்தைங்களுக்கு தொப்புள்கொடி ரத்தத்துல அந்த டெஸ்ட் எடுக்குறாங்க. என் மூத்தவனுக்குக் குறைவுன்னு சொல்லி, துணி அலமாரில அந்துருண்டை வைக்கவே கூடாதுன்னு நர்ஸ் ரெண்டு தடவ சொல்லி அனுப்பினாங்க. அந்த என்சைம் குறைஞ்சா முதல்ல அடி வாங்குறது ரத்த சிவப்பணு. அந்த வேலைக்கு வேண்டிய குளுக்கோஸ் நாம சாப்பிடுற சோறு, சப்பாத்தில இருந்தே கிடைச்சிடும், கல்லீரலும் கிளைக்கோஜனா சேத்து வச்சிருக்கும், மேல தேன் ஊத்தினதால பாதுகாப்பு கூடிடாது.

காளான்ல இருக்குற ட்ரெஹலோஸ்ங்குற சர்க்கரையும் கல்லீரலுக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க. எலிங்களுக்கு தண்ணில கலந்து குடுத்தப்ப கல்லீரல் கொழுப்பு குறைஞ்சிருக்கு, ஆனா நம்ம குடல்ல அது ரெண்டு குளுக்கோஸா உடைஞ்சிடும், வாங்கிக் குடிக்காதீங்க.

பழம் பழமாவே சாப்பிடட்டும். எடைல 7லிருந்து 10 சதவீதம் மெதுவா குறைஞ்சாலே கல்லீரல் கொழுப்பும் வீக்கமும் நல்லா குறையும், மருந்து எதுவும் சாப்பிட்டா டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. காப்பிக்கடைக்குப் போனா கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) சொல்லச் சொல்லுங்க, காப்பி குடிக்கிறவங்களுக்கு கல்லீரல் தழும்பு கம்மியா இருக்குன்னு பல ஆய்வுல பாத்திருக்காங்க. கசப்பு பழகுற வரைக்கும் மொத ரெண்டு வாரம் சியூ டாய் (இனிப்பு கம்மி) கேட்டுக் குடிக்கட்டும்.