டர்பனில் மணல்மூட்டை மட்டும் போதுமா?

"தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சரிவுக்குக் கீழே வீடு. மழைக்காலத்துக்கு மணல்மூட்டை வாங்கி வைத்தால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. மூட்டை வாசலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். மேலிருந்து சரியும் மண்ணை நிறுத்தாது. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்தில் 400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மண்சரிவில் போன வீடுகள் ஏராளம்.

உங்கள் முதல் வேலை, கூரைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது. சரிவில் விட்டால் மண் ஊறும். கழிவுநீர்க் குழாயில் இணைத்தால் (நம்மில் பலர் செய்யும் தப்பு) கீழ்வீட்டு முற்றத்தில் பொங்கும். மழைநீர் வடிகாலுக்குத்தான் போகவேண்டும். தடுப்புச் சுவரில் புது விரிசல், திடீரென இறுகும் கதவு, சாயும் கம்பம் தெரிந்தால் அன்றிரவு அங்கே படுக்காதீர்கள்.

அடுத்தது தகவல். டர்பனின் பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் குடிசைவாசிகளும் மாநகராட்சியும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். எச்சரிக்கை வந்ததும் ஆட்கள் வெளியேறினார்கள். வீடுகள் போயின, உயிர்கள் தப்பின.

1917இல் டர்பனின் உம்கெனி ஆறு பெருகியபோது அங்கே வாழ்ந்த இந்தியரான மாரிமுத்து படவத்தானும் கூட்டாளிகளும் படகில் போய் நூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். அன்று எச்சரிக்கை சொல்ல ஆளில்லை. உங்கள் தெருவில் போனில்லாத பாட்டி யார், அவர் கதவை யார் தட்டுவது என்று இப்போதே பேசி வையுங்கள்.