வகுப்பில் இணையத்தைத் திறக்கச் சொல்கிறாரே, மாறிவிடலாமா?

தம்பி, ஆங்கில வகுப்பில் ஆசிரியை பாதி நேரம் இணையத்தையே திறக்கச் சொல்கிறார், புத்தகம் வைத்து இலக்கணம் நடத்தும் இடத்துக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். வந்த புதிதில் எனக்கும் இதே எண்ணம்தான்.

ஒருநாள் கட்டுரையில் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதியிருந்தேன். என் ஆசிரியர் அதை அடிக்கவில்லை. இணையத்தில் ‘கோக்கா’ என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பைத் திறந்தார். அமெரிக்கர்கள் உண்மையில் பேசியதையும் எழுதியதையும் திரட்டித் தேடும்படி வைத்திருக்கிறார்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது அது. “நீங்களே தேடுங்கள்” என்றார். திரை முழுக்க வரிகள், எல்லாவற்றிலும் நடுவே ‘டிஸ்கஸ்’. அடுத்த சொல்லை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனேன். ‘தி இஷ்யூ’, ‘தி பிளான்’ என்று எதைப் பற்றிய பேச்சோ அதுதான் நேராக வந்தது. ‘அபௌட்’ கண்ணிலேயே படவில்லை. அப்புறம் ‘டிஸ்கஷன்’ தேடச் சொன்னார். அங்கே ‘அபௌட்’ வரிசையாக நின்றது. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை திருத்தப்பட்டும் மனதில் தங்காதது அன்றைக்குத் தங்கிவிட்டது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ் இந்த முறையை வளர்த்தார் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

உச்சரிப்புக்கு ‘யூக்ளிஷ்’ தளம். ஒரு சொல்லைக் கொடுத்தால், பலர் அதைப் பேசும் காணொளித் துண்டுகளைக் காட்டும். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள் இரண்டாவதை. தமிழில் இப்படி ஓர் அழுத்தக் கணக்கு இல்லாததால் யாராவது காதில் போட்டால்தான் நமக்கு உறைக்கும்.

எல்லா ஆசிரியரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் காணொளியை ஓடவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தவரிடமும் படித்திருக்கிறேன். அது வீட்டிலேயே நடக்கும், அதற்கு வகுப்பு வேண்டாம். திரையை மூடிய பிறகு பக்கத்தில் இருப்பவரோடு உங்களைப் பேச வைக்கிறாரா, பேசியதைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் அவரை விடாதீர்கள்.

வீட்டில் பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ கேளுங்கள். எழுத்து வடிவம் கூடவே கிடைக்கும். முதல் தடவை அதைப் பார்க்காதீர்கள். மொழிபெயர்ப்புச் செயலியையும் நீங்களாக ஒரு வாக்கியம் எழுதிய பிறகே திறங்கள். முதலிலேயே திறந்து பழகியதில் நான் ஒரு வருடத்தை இழந்தேன்.

இன்னும் இரண்டு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி.