லேபிள் மாறிவிட்டதா, மாற்றிவிட்டோமா?

கேள்வி: ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். லண்டனில் எங்களிடம் சரக்கு வாங்கும் பையருக்குப் போன சரக்கில் மீடியம் சட்டைகளுக்கு லார்ஜ் லேபிள் போய்விட்டது. ‘தி லேபிள்ஸ் காட் மிக்ஸ்ட் அப். தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்று மெயில் போட்டேன். ‘ஹூ மிக்ஸ்ட் தெம் அப்?’ என்று ஒற்றை வரியில் பதில் வந்திருக்கிறது. தப்பை ஒப்புக்கொண்டால், நஷ்டத்தை நம் கணக்கில் கழிக்கும் டெபிட் நோட் அனுப்பிவிடுவார்கள் என்கிறார் மேலாளர். மாட்டிக்கொள்ளாமல், மரியாதையாக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்பது எப்படி? (ஒரு வாசகி, திருப்பூர்)

பதில்: மாட்டிக்கொள்ளாமல் மன்னிப்புக் கேட்க எந்த மொழியிலும் வழியில்லை அம்மா. உங்கள் இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு வரியிலும் ஆளே இல்லை. லேபிள் தானாக மாறியிருக்கிறது. யாரோ, எங்கிருந்தோ வருந்துகிறார். ரயில் தாமதமானால் ஒலிபெருக்கியில் வருகிற குரல் அது. ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அந்தக் காலத்துத் தூர்தர்ஷனில் அட்டை போடுவார்களே, அந்த வகை. அதைப் பார்த்து யாருக்காவது கோபம் தணிந்ததா?

இந்தப் பழக்கம் உங்களுக்கு வந்தது ஆங்கிலத்திலிருந்து இல்லை என்று நினைக்கிறேன். நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. டம்ளரைக் கீழே போட்ட பையன் ‘உடைஞ்சிருச்சும்மா’ என்பான். ‘உடைச்சுட்டேன்’ என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. உடைந்தது, உடைத்தேன், தொலைந்தது, தொலைத்தேன், மாறியது, மாற்றினேன். ஓரிரு எழுத்து மாறினால் போதும், குற்றவாளி தப்பிவிடுவார். தமிழ் இவ்வளவு வசதி செய்து கொடுத்திருக்கிறது. ‘மாறிப்போச்சு’ என்று மனத்தில் நினைத்து அதைத்தான் ‘காட் மிக்ஸ்ட் அப்’ ஆக்கியிருக்கிறீர்கள்.

ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் 1987 ஜனவரியில் அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் சொன்னது, ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’. செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் கிடையாது. 2019 ஏப்ரலில் ஜாலியன் வாலாபாக் படுகொலையின் நூற்றாண்டை ஒட்டி அப்போதைய பிரிட்டன் பிரதமர் தெரசா மே ‘டீப்லி ரிக்ரெட்’ என்றார். உங்கள் மெயிலில் இருக்கிற அதே சொற்கள்! ‘நடந்ததற்கு’ ஆழ்ந்த வருத்தம், அவ்வளவுதான். மன்னிப்பு வரவில்லை என்று இங்கே எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமைக்கு 1999இல் ஜான் ஹோவர்டு அரசு ‘ரிக்ரெட்’ தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்து வந்த பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து ‘வீ சே சாரி’ என்றபோதுதான் பார்வையாளர் பகுதியில் இருந்தவர்கள் அழுதார்கள். ரிக்ரெட்டுக்கும் சாரிக்கும் உள்ள தூரம் அகராதியில் தெரியாது.

‘சாரி’யிலும் ஒரு சிக்கல் உண்டு. வலி, புண் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது அது. அதனால்தான் துக்க வீட்டில் ‘ஐ யாம் சாரி’ என்கிறார்கள். அவர்கள் ஒன்றும் கொலை செய்துவிடவில்லை. லண்டனில் ஒருவர் காலை நீங்கள் மிதித்தால் மிதிபட்டவரும் சாரி சொல்வார்! ஆகவே வெறும் சாரி, தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பக்கத்தில் ‘நான்’ அல்லது ‘நாங்கள்’, அப்புறம் செய்த காரியம், இரண்டும் வேண்டும். சாரிக்குப் பின்னால் ‘இஃப்’, ‘பட்’ வந்தால் சொன்னதும் கெட்டது. அதேபோல ‘எக்ஸ்ட்ரீம்லி எக்ஸ்ட்ரீம்லி சாரி’ என்று காலில் விழவும் வேண்டாம். பையருக்குச் சங்கடமாக இருக்கும், சட்டையும் வந்து சேராது.

உங்கள் மெயிலை இப்படி மாற்றுங்கள்: ‘வீ புட் தி ராங் சைஸ் லேபிள்ஸ் ஆன் தி மீடியம் ஷர்ட்ஸ். வீ டிட் நாட் செக் தெம் பிஃபோர் பேக்கிங். ஐ யாம் சாரி.’ மூன்றே வாக்கியம். அடுத்த பத்தியில் எத்தனை அட்டைப்பெட்டி, சரியான லேபிள் எந்தத் தேதிக்குள் போய்ச் சேரும், அங்கே மாற்றித் தைக்கும் கூலி யார் தலையில். பையர் படிக்கப்போவது அந்தப் பத்தியைத்தான்.

மேலாளரின் பயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டது ஒன்றையே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. இதைக் காட்டி அவரிடம் வாதாட வேண்டாம். உங்கள் ஆர்டர் ஒப்பந்தக் கணக்கு வேறு. பெட்டியைப் பிரித்துச் சட்டையைக் கையில் வைத்திருப்பவரிடம் எதை மறைக்கப் போகிறார் என்று மட்டும் கேளுங்கள். டெபிட் நோட் லேபிளுக்காக வரும். சாரிக்காக வராது.

நானும் சுத்தமில்லை. சென்ற இதழில் குறுக்கெழுத்துக்குப் போன மாத விடையைப் போட்டுவிட்டு, ‘அச்சுப்பிழைக்கு வருந்துகிறோம்’ என்று எழுதி வைத்திருந்தேன். அச்சு எந்திரம் பாவம், கொடுத்ததை அடித்தது. பார்க்காமல் அனுப்பியவன் நான். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

கடைசியில் ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். இந்த முறை செய்ய வேண்டியவர் நீங்கள்.