குளுக்கோகைனேஸ் ஒற்றைச் சங்கிலி நொதிதானே, அதன் வரைபடம் ஏன் 'எஸ்' போல வளைகிறது?

கேள்வி இது: "கல்லீரலில் கிளைக்கோலிசிஸின் (குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் வினைத்தொடரின்) முதல் படியைச் செய்யும் குளுக்கோகைனேஸுக்கு ஒரே சங்கிலி, குளுக்கோஸ் வந்து அமர ஒரே இடம். அப்படியிருக்க, குளுக்கோஸ் அளவுக்கு எதிராக நொதியின் வேகத்தை வரைந்தால் எஸ் வடிவ வரைபடம் எப்படி வரும்? கல்லீரலில் அதைக் கட்டுப்படுத்துவது எது?"

கேட்டவர் முதுகலை உயிர்வேதியியல் மாணவராக இருக்க வேண்டும். இதே கேள்வியை வகுப்பில் கேட்டிருப்பீர்கள். "பல துணை அலகுகள் (தனித்தனிப் புரதச் சங்கிலிகள்) சேர்ந்திருந்தால்தான் எஸ் வளைவு வரும், ஹீமோகுளோபினைப் படித்துவிட்டு வா" என்று உட்கார வைத்திருப்பார்கள். எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வகுப்பில் கிடைத்திருந்தால் மறந்திருப்பேன். எம்.பில். வாய்மொழித் தேர்வில் கிடைத்தது.

முதலில் உங்களுக்கான பதில்: ஒரே சங்கிலிக்கும் எஸ் வளைவு வரும். மனிதக் குளுக்கோகைனேஸ் 465 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைப் புரதம். பாதி வேகத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 8 மில்லிமோலார் குளுக்கோஸ் வேண்டும். நம் ஆய்வகச் சீட்டுக் கணக்கில் டெசிலிட்டருக்கு 144 மில்லிகிராம். வளைவு எவ்வளவு எஸ் போல இருக்கிறது என்பதைக் காட்டும் ஹில் எண் 1.7 அளவில் நிற்கும் (1 என்றால் எஸ் இல்லை). மூளையிலும் தசையிலும் இருக்கும் ஹெக்சோகைனேஸ்கள் இதைப்போல இரண்டு மடங்கு பெரியவை. அவற்றுக்குத் துளிக் குளுக்கோஸ் போதும், ஆனால் தாங்கள் உண்டாக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாலேயே தடைபட்டு நின்றுவிடும். கல்லீரல் நொதிக்கு அந்தத் தடை கிடையாது. சாப்பிட்டபின் குடலிலிருந்து வரும் சர்க்கரையைக் கல்லீரல் வாங்கி வாங்கிக் கிளைக்கோஜனாக அடுக்க முடிவது அதனால்தான்.

இனி என் கதை. தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த நொதியின் கல்லீரல் வடிவத்தை பாக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுப்பதுதான் என் வேலை. கல்லீரல் வடிவமும் கணைய வடிவமும் முதல் 15 அமினோ அமிலங்களில் மட்டுமே மாறுபடும், இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "எந்த வடிவம்?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். பிரித்தெடுத்த நொதியைப் பனிக்கட்டியில் வைத்து, 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்க்க வேண்டும். குளுக்கோகைனேஸ் உண்டாக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை இன்னொரு நொதி பிடித்துக்கொண்டு, அந்த ஒளியை உறிஞ்சும் என்ஏடிபிஎச் என்ற பொருளை உண்டாக்கும். அந்த எண் ஏறும் வேகம்தான் நமக்கு வேண்டிய வேகம். குவெட்டின் (கரைசலை ஊற்றி வைக்கும் சிறு பெட்டியின்) பளபளப்பான பக்கத்தில் விரல் படாமல் இரண்டு விரலால் பிடித்து, மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்து, உள்ளே வைத்து மூடியைச் சாத்தி, சிவப்பு எண்கள் 0.112, 0.115, 0.119 என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இன்றும் கண்ணை மூடினால் அந்த எண்கள் தெரிகின்றன.

குளுக்கோஸை 2 மில்லிமோலாரிலிருந்து 4 ஆக்கினேன். வேகம் இரண்டு மடங்கையும் தாண்டி ஏறியது. எஸ் இல்லாத வழக்கமான வளைவைத் தரும் மைக்கேலிஸ்-மென்டன் கணக்குப்படி நடக்கும் நொதியில் இது நடக்கவே நடக்காது. குளுக்கோஸை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்புக்குக் கீழேதான் நிற்கும். வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்துப் பென்சிலால் இணைத்தபோது அடியில் ஒரு வளைவு தெளிவாகத் தெரிந்தது.

என் நெறியாளர் நம்பவில்லை. அவர் சந்தேகத்தில் நியாயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிரித்தெடுக்க வசதியாக நொதியின் முனையில் குளுட்டாதயோன் டிரான்ஸ்பெரேஸ் என்ற புரதத்தை ஒட்டியிருந்தோம். அது இரண்டிரண்டாகச் சேரும் குணம் உடையது. "உன் நொதி ஒட்டுப் புரதத்தால் ஜோடி சேர்ந்துவிட்டது, வளைவு அதனால்தான்" என்றார். சரி என்று ஒட்டை வெட்டி எடுத்தேன். அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் குழாயில் ஓட்டினேன். 50 கிலோடால்டன் பக்கத்தில் ஒரே சிகரம், ஒற்றைப் புரதம். மறுபடி அளந்தேன். அதே வளைவு. அடுத்து, குளுக்கோஸை நிலையாக வைத்து, நொதி பயன்படுத்தும் இன்னொரு பொருளான ஏடிபியை மட்டும் மாற்றினேன். எஸ் காணாமல் போய் வழக்கமான வளைவு வந்தது. கருவியிலோ என் கையிலோ பிழை இருந்தால் அது குளுக்கோஸுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நெறியாளர் தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எழுதும்மா" என்றார்.

இவை எதுவும் என் கண்டுபிடிப்பு இல்லை. எலிக் கல்லீரல் நொதியில் இந்த வளைவை 1975-இல் சிலி நாட்டில் நீமெயர் குழுவும், 1976-இல் இங்கிலாந்தில் ஸ்டோரரும் கார்னிஷ்-பௌடனும் காட்டிவிட்டார்கள். நான் ஆய்வகத்தில் நுழைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2004-இல், ஜப்பானில் கமாட்டா குழுவினர் மனித நொதியின் படிக அமைப்பையே வெளியிட்டிருந்தார்கள். நொதிக்குப் பெரிய மடல் ஒன்று, சிறிய மடல் ஒன்று. குளுக்கோஸ் இருக்கும்போது இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன. இல்லாதபோது சிறிய மடல் ஏறத்தாழ 100 பாகை திரும்பி, வாயை அகலத் திறந்துகொண்டு நிற்கிறது. திறந்த நிலையிலிருந்து மூடிய நிலைக்கு வருவது மெதுவான வேலை. வளைவின் இரகசியம் அந்த மெத்தனத்தில்தான் இருக்கிறது.

என் மாணவர்களுக்கு இதைத் தோசைக்கல்லை வைத்துச் சொல்கிறேன். உணவகத்தில் ஆட்கள் அடுத்தடுத்து வந்தால் கல் ஆறாது. ஒரு தோசையை எடுத்த கையோடு அடுத்த மாவை ஊற்றலாம். அரை மணிக்கு ஒருவர் வந்தால் ஒவ்வொரு தடவையும் ஆறிய கல்லைச் சூடேற்ற வேண்டும். கல் ஒன்றுதான். ஆனால் கூட்டம் கூடினால் ஒரு தோசைக்கு ஆகும் நேரம் குறைகிறது. குளுக்கோஸ் நிறைய இருந்தால் நொதி வேலை முடித்தவுடன், தளர்ந்து திறந்த நிலைக்குப் போகுமுன்பே, அடுத்த குளுக்கோஸைப் பிடித்துக்கொள்கிறது. குறைவாக இருந்தால் தளர்ந்துவிடுகிறது. ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு சேராமலேயே, தன் முந்தைய சுற்றின் நினைவை வைத்துக்கொண்டு நடப்பதுபோல. (தோசைக்கல் உவமை முழுமையானது இல்லை. வேறு விளக்கங்களும் இருக்கின்றன. பின்னூட்டத்தில் சமன்பாடுகளோடு வரப்போகிறவர்களை வரவேற்கிறேன், ஆனால் கேட்டவருக்குப் புரிவது எனக்கு முக்கியம்.)

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் இதில் ஒன்றையும் கேட்கத் தயாராக இல்லை. மூன்றாவது படத்துக்கு வந்தவுடன் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரே இடத்தில் எது எதோடு கூட்டுறவு கொள்ளும்? அடிப்படையே தெரியவில்லை." 1976 கட்டுரையின் நகலை மேசையில் வைத்தேன். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கமே தள்ளிவிட்டார். ஹில் எண் பற்றிய இயலை நீக்கிவிட்டுக் கேஎம் (மைக்கேலிஸ்-மென்டன் கணக்கில் பாதி வேகத்துக்கான செறிவு) 10 மில்லிமோலார் என்று பாடநூலில் இருப்பதுபோல எழுதினால் பட்டம் என்றார்கள். நீக்கினேன். வீட்டில் அப்பா ஓய்வுபெற்றிருந்தார், எனக்கு வேலை வேண்டியிருந்தது. அன்று எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்று இன்று எளிதாகச் சொல்கிறவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்த இயலுக்கான அளவீடுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். பெண்கள் விடுதியின் வாயிற்கதவை இரவு எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது. நொதி நம் விடுதி நேரத்துக்குக் காத்திருக்காது. பிரித்தெடுத்த அன்றே அளந்தால்தான் முழு வேகம் தெரியும், மறுநாள் காலையில் பாதி செத்துப்போயிருக்கும். மாலை நான்கு மணிக்குக் குழாயிலிருந்து நொதி வெளியே வரும். ஏழே முக்காலுக்குள் எல்லாவற்றையும் அளந்து, குவெட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கேட் வரை ஓடுவேன். என்னோடு சேர்ந்த ஆண் மாணவர்கள் இரவு பன்னிரண்டு வரை நிதானமாக மூன்று தடவை அளந்தார்கள். என் வரைபடத்தில் சில புள்ளிகளுக்கு இரண்டு அளவீடுகள்தான் இருந்தன. "மூன்று ஏன் இல்லை?" என்று அதே தேர்வாளர் கேட்டார். விடுதிக் கதவைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? அனுமதிக் கடிதம் கேட்டு விடுதிக் காப்பாளரிடம் நான்கு முறை போனேன். "பெண் பிள்ளைக்கு ராத்திரியில் என்ன ஆராய்ச்சி" என்பதுதான் நான்கு முறையும் பதில்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். கல்லீரலில் இந்த நொதிக்கு ஒரு காவல்காரப் புரதம் உண்டு. 1989-இல் பெல்ஜியத்தில் வான் ஷாஃப்டிங்கன் கண்டறிந்தது. குளுக்கோகைனேஸ் ஒழுங்குபடுத்தும் புரதம் என்றே பெயர். பட்டினி நேரத்தில் அது, திறந்து நிற்கும் நொதியை அப்படியே பிடித்துச் செல்லின் உட்கருவுக்குள் வைத்துக்கொள்கிறது. பிரக்டோஸ்-6-பாஸ்பேட் அந்தப் பிடியை இறுக்கும். சாப்பிட்டபின் குளுக்கோஸ் உயர்ந்தால் பிடி தளர்ந்து நொதி வெளியே வரும். பழத்திலிருந்தோ சர்க்கரையிலிருந்தோ கொஞ்சம் பிரக்டோஸ் வந்தாலும் போதும், அது பிரக்டோஸ்-1-பாஸ்பேட்டாக மாறிப் பிடியை விடுவித்துவிடும். மணிக்கணக்கில் நடக்கும் இன்னொரு கட்டுப்பாடு இன்சுலினுடையது: கல்லீரலில் இந்த நொதியின் மரபணுவை அது தூண்டி நொதியின் அளவையே கூட்டுகிறது, குளுகாகான் என்ற எதிர் ஹார்மோன் குறைக்கிறது. கணையத்தில் அப்படி இல்லை, அங்கே குளுக்கோஸ்தான் முக்கியம்.

இந்த வளைவு தேர்வுத்தாளோடு முடிகிற சங்கதியும் இல்லை. இந்த நொதியின் மரபணுவில் ஒரு பிரதி பழுதான குடும்பங்களில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே சற்று உயர்ந்து, டெசிலிட்டருக்கு 100-க்கும் 145 மில்லிகிராமுக்கும் இடையில் நிற்கும். பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படாது. இந்த மரபணுவுக்கும் இப்படிக் குடும்பவழி வரும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு 1992-இல் தெரியவந்தது. நொதியின் வினைமையத்துக்கு வெளியே இருக்கும் ஒரு குழியில் பொருந்தி அதை மூடிய நிலையில் வைத்திருக்கும் டோர்சாகிளையாடின் என்ற மருந்துக்கு 2022-இல் சீனா அனுமதி கொடுத்தது. நான் வெட்டி எறிந்த இயலில் இருந்த அதே திறப்பும் மூடலும்தான் அந்த மருந்தின் அடிப்படை.

தேர்வில் எப்படி எழுதுவது என்றால், கேஎம் என்று எழுதாமல் "பாதி வேகத்துக்கான குளுக்கோஸ் செறிவு, ஏறத்தாழ 8 மில்லிமோலார்" என்று எழுதுங்கள். ஹில் எண்ணையும், "ஏடிபிக்கு எஸ் வளைவு இல்லை" என்பதையும் அடுத்த வரியில் சேருங்கள். மதிப்பெண் குறைத்தால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் கட்ட வேண்டியிருந்தாலும் விண்ணப்பியுங்கள்.