வேலூர் பக்கம் இதழியல், மார்க்கெட்டிங் படிக்கும் மாணவர்களை வேலைக்கு எடுக்க எப்படி அணுகுவது?

சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு விளம்பர நிறுவனம் நடத்துகிறேன். கடைகளுக்கு விளம்பரம் எழுதுவது, வீடியோ எடுப்பது, அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. எங்களிடம் உள்ள ஏழு பேரில் ஐந்து பேர் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து நேராக வந்தவர்கள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டால் போதுமா, எப்போது போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடிதம் மட்டும் போதாது. 2002-ல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் வளாகம் சேர்க்காட்டில் இருக்கிறது. அங்கே பெரும்பாலும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்கள்தான். உங்களுக்குத் தேவையான இளங்கலைப் பிள்ளைகள் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உள்ள இணைப்புக் கல்லூரிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். ஊரீசு கல்லூரி, ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, டி.கே.எம்., காட்பாடி ஆக்சீலியம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் போக வேண்டும். போனால் பிளேஸ்மென்ட் ஆபீசரைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். துறைத் தலைவரையும் பாருங்கள். யார் நன்றாக எழுதுவார், யார் மேடையில் கூச்சமில்லாமல் பேசுவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இதழியல் என்ற பெயர்ப்பலகை உள்ள துறையை மட்டும் தேடவும் வேண்டாம். எங்களிடம் இருப்பவர்களில் நன்றாக எழுதும் பெண் பி.ஏ. தமிழ் படித்தவர். மார்க்கெட்டிங்குக்கு பி.பி.ஏ., பி.காம். பிள்ளைகளைப் பாருங்கள்.

பலரும் மார்ச்சில்தான் போகிறார்கள். அப்போது பிள்ளைகள் கடைசி செமஸ்டர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் வேறு முடிவும் எடுத்திருப்பார்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் ஜூலையிலேயே போய்விடுங்கள். தேர்வைத் தாங்களே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுத் தேதி ஆளுக்கொன்றாக இருக்கும், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? ரெஸ்யூமை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நாள் காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்கு வரச் சொல்வேன். இதழியல் பக்கம் வருகிறவர்கள் ஒரு வியாபாரியிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு இருநூறு வார்த்தை எழுத வேண்டும். நான் சொன்ன அந்தப் பெண் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் விற்கிற அம்மாவிடம் போனார். அந்தக் காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். இவர் அதைத் தொடவே இல்லை. "காம்பைப் பிடிச்சுப் பாரு கண்ணு, குத்தினாத்தான் நம்ம காய்" என்று அந்த அம்மா சொன்னதில் தொடங்கி, அவர் விரல் நுனியில் இருந்த முள் தழும்புகளில் முடித்திருந்தார். அன்றைக்கே வேலை கொடுத்தோம்.

மார்க்கெட்டிங் பக்கம் வருகிறவர்களை காந்தி ரோட்டில் ஒரு கடை வாசலில் நிற்கச் சொல்வேன். பேரணாம்பட்டிலிருந்து வந்த ஒரு தம்பி, உள்ளே போய் எதுவும் வாங்காமல் திரும்பியவர்களை எண்ணினார். அவர்களில் பாதிப்பேர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள், கேட்டது கடைக்காரருக்குப் புரியவில்லை. வங்காள மொழியில் ஒரு விலைப்பலகை வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார், கடைக்காரரும் வைத்தார். அந்தத் தம்பிக்கு உருது, இந்தி இரண்டும் சரளமாக வரும். ரெஸ்யூமில் அதை அவர் போடவே இல்லை! ஆந்திர எல்லையோரப் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் தெரியும். வீட்டில், தெருவில் பேசும் மொழிகளை நீங்களாகக் கேளுங்கள்.

இந்த ஒரு நாள் வேலைக்கும் காசு கொடுங்கள். நான் படிக்கும்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். தினமும் காட்பாடியிலிருந்து ரயில். ஒரு ரூபாய் தரவில்லை, சான்றிதழுக்கும் நாலு முறை அலையவிட்டார்கள். சீசன் டிக்கெட்டுக்கு அம்மா கடன் வாங்கினது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் அலுவலகத்தில் முதல் நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு.

பட்டம் வாங்கியவர்களை ஒரு வருடம் பழகுநராக (அப்ரன்டிஸ்) எடுக்கலாம் என்றால், மத்திய அரசின் தேசியப் பழகுநர் பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். 2014-ல் பழகுநர் சட்டத்தைத் திருத்திய பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அது பொருந்தும். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்றுக்கொள்கிறது.

அப்புறம், வேலை உத்தரவைத் தமிழில் கொடுங்கள். சம்பளம், நேரம், விடுப்பு எல்லாம் அதில் தெளிவாக இருக்கட்டும். எங்களிடம் வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தத் தாளை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் அப்பா எங்கள் அலுவலகத்துக்கே வந்து, உட்கார்ந்து, அதை வரி விடாமல் படித்தார். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஊருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து எங்கள் அலுவலகம் மாலை ஐந்தரைக்கு முடிந்துவிடும்.